வீட்டுக்குள் ஒரு முயல்

டொராண்டோ நகரின் கிழக்குப் பகுதியாகிய ஸ்கார்பரோவில், பனி உருகிப் புல் தழைக்கும் சித்திரை, வைகாசி மாதங்களின் அந்தி வேளைகளில், வீடுகளின் முன்புறப் புல்தரைகளில் பழுப்பு நிற முயல்கள் வந்து மேய்வது சர்வ சாதாரணமான காட்சி. பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வரும் தமிழ்க் குழந்தை அதைக் கண்டு நின்றுவிடுகிறது. முயல் இரண்டே தாவலில் வேலியைக் கடந்து மறைந்த பின்னும், “எங்களுக்கும் ஒரு முயல் வேணும்” என்ற வேண்டுகோள் மட்டும் மறைவதில்லை. நாய் வளர்க்க இடமில்லாத அடுக்குமாடி வீடு, பூனை ரோமம் பட்டால் தும்மும் தகப்பனார், முயலென்றால் ஓசையின்றி ஒரு மூலையில் இருந்துவிடும் என்ற நம்பிக்கை ஆகிய யாவும் சேர்ந்து, சில வாரங்களில் ஒரு கூண்டும் ஒரு பை தீனியும் ஒரு குட்டி முயலும் வீடு வந்து சேர்ந்துவிடுகின்றன. வந்து சேர்ந்த அந்த ஜீவனுக்கு அந்த வீடு தகுந்ததுதானா என்ற கேள்வியைப் பெரும்பாலோர் அதற்கு முன்னும் கேட்பதில்லை, பின்னும் கேட்பதில்லை.

இங்கே ஒரு வேற்றுமையை மனத்தில் இருத்திக்கொள்வது அவசியம். தமிழகத்துப் புன்செய்க் காடுகளிலும் ஈழத்து வன்னிப் பற்றைகளிலும் ஓடுகிற முயல் பிடரி கறுத்த இனத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. புல்லிடையே ஒடுங்கிக் கிடந்து அங்கேயே குட்டி ஈனும். டொராண்டோவின் புல்தரையில் மேய்வது வட அமெரிக்காவுக்கே உரிய காட்டன்டெயில் என்னும் வேறோர் இனம். அதுவும் தனக்கென வளை தோண்டி வாழ்வதில்லை. கடைகளிலும் பிராணிக் காப்பகங்களிலும் கிடைக்கும் வீட்டு முயலோ இவ்விரண்டுக்கும் அந்நியமானது. ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகள் அடங்கிய ஐபீரியத் தீபகற்பத்து மண்ணில் கூட்டங்கூட்டமாகச் சுரங்க வளைகள் அமைத்து, பகலின் பெரும்பகுதியை அவற்றுள் கழித்து, விடியலிலும் அந்தியிலும் வெளிவந்து மேய்ந்த ஐரோப்பிய முயலின் சந்ததி அது. மனிதர் வளர்ப்பில் அதன் நிறமும் காதின் நீளமும் உடலின் பருமனும் எத்தனையோ விதமாக மாறிவிட்ட போதிலும், தோண்டுதல், கடித்தல், ஒளிதல், அஞ்சி ஓடுதல் என்னும் நான்கு சுபாவங்களும் கடுகளவும் மாறவில்லை. அவற்றைக் குறும்பென்று எண்ணி முயலைத் திருத்தப் பார்ப்பது வீண் சிரமம். திருத்தப்பட வேண்டியது வீடு. நான் சொல்ல வந்தது முழுவதும் இந்த ஒன்றே.

இடையில் ஒரு வார்த்தை: புல்தரையில் சிறு பள்ளத்துள் கிடக்கும் காட்டு முயல்குட்டிகளை அநாதைகளென்று கருதி எடுத்து வந்து வளர்க்க முற்படுவோர் உண்டு. தாய் முயல் பகைவரின் கண்ணில் கூடு படாதிருப்பதற்காக விடியலிலும் அந்தியிலும் மட்டுமே வந்து பாலூட்டிச் செல்லும். மற்ற நேரமெல்லாம் குட்டிகள் தனித்திருப்பதே இயல்பு. ஒன்டாரியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அவற்றை அனுமதியின்றி வீட்டில் அடைத்து வைப்பது குற்றமும் ஆகும். காயம்பட்ட குட்டியைக் கண்டால் டொராண்டோ வைல்ட்லைஃப் சென்டருக்குச் சொல்வதே முறை.

ஒரு காலத்தில் முயல் என்றால் தோட்டத்தின் கோடியில் மரப்பெட்டிக் கூண்டு என்பதுதான் மேனாட்டு வழக்கமாக இருந்தது. 1985இல் மரினெல் ஹாரிமன் என்னும் அமெரிக்கப் பெண்மணி வீட்டு முயலைப் பற்றி எழுதிய கைந்நூலும், அதைத் தொடர்ந்து 1988இல் கலிபோர்னியாவில் தோன்றிய ஹவுஸ் ராபிட் சொசைட்டி என்னும் சங்கமும், நாயையும் பூனையையும் போலவே முயலும் மனிதரோடு வீட்டுக்குள் வாழத்தக்கது என்ற கருத்தை வட அமெரிக்காவெங்கும் பரப்பின. டொராண்டோவைப் பொறுத்தவரை இதை வெறும் கருத்து என்றுகூடச் சொல்வதற்கில்லை. நிர்ப்பந்தம் என்றே சொல்ல வேண்டும். மாசி மாதக் குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 பாகை வரை இறங்குவதும், ஆடி மாத உஷ்ணம் ஈரப்பதத்தோடு சேர்ந்து 30 பாகையைக் கடப்பதும் ஒரே ஆண்டில் ஒரே முற்றத்தில் நிகழ்கின்றன. போதாக்குறைக்கு, இந்நகரத்து ராக்கூன் என்னும் இராப்பிராணி தாழ்ப்பாளைத் திறக்கவல்ல கைகளை உடையது; மெல்லிய கோழிவலையை அது கிழித்துவிடும். பள்ளத்தாக்குகளில் கொயோட்டி நரிகளும், மரங்களின் உச்சியில் செவ்வாற் பருந்துகளும் காத்திருக்கின்றன.

குளிரைக் காட்டிலும் முயலை விரைவாகக் கொல்வது உஷ்ணமே என்பது நம்மவர் பலருக்கு வியப்பாயிருக்கும். முயலின் உடலில் வியர்வையால் குளிரும் ஏற்பாடு இல்லை. இரத்த நாளங்கள் நிறைந்த நீண்ட காதுகளின் வழியே உடற்சூட்டை வெளியேற்றுவதொன்றே அதன் பிரதான உபாயம். தமிழகத்தில் மத்திய அரசின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளை நிலையம் முயல்களை வளர்த்து வருவது, சமவெளியில் அன்று. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரின் குளிர்ந்த மலைப்புறத்தில். 15 முதல் 20 பாகை வரையுள்ள வெப்பம் முயலுக்குச் சுகமானது. 28 பாகையைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். ஆகவே டொராண்டோவின் கண்ணாடிச் சுவர்கொண்ட அடுக்குமாடி வீடுகளில், மேற்குச் சாளரத்தின் வழியே மாலை வெயில் விழும் இடத்தில் முயலின் இருப்பிடத்தை அமைத்தல் ஆகாது. மாடி முகப்பில் அடைத்துவிட்டு வேலைக்குச் செல்வதும் ஆகாது. முகப்பின் கம்பித் தடுப்பு மனிதக் குழந்தையை உத்தேசித்துக் கட்டப்பட்டது. அதன் இடைவெளி முயலுக்குப் போதுமான வாசல்.

வீட்டை ஆராயப் புகுபவர் முதலில் செய்ய வேண்டியது, தரையில் மண்டியிட்டு, கன்னம் தரையைத் தொடுமளவு தாழ்ந்து, அறையைச் சுற்றிலும் ஒருமுறை பார்ப்பது. நின்றபடி பார்க்கும்போது ஒழுங்காகத் தோன்றிய கூடம், அங்கிருந்து பார்த்தால் வேறாகத் தோன்றும். தொலைக்காட்சிப் பெட்டியின் பின்னே தொங்கும் கம்பிகளும், சோபாவின் அடித்துணியில் உள்ள கிழிசலும், குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையேயுள்ள நான்கு விரல் சந்தும், படுக்கையறைக் கட்டிலின் கீழே மறந்துபோன பிளாஸ்டிக் பைகளும் அப்போதுதான் கண்ணுக்குப் படும். முயலின் உலகம் தரையிலிருந்து ஒன்றரை அடிக்குள் அடங்கியது. அந்த ஒன்றரை அடியை மனிதர் ஒருபோதும் பார்ப்பதில்லை.

அந்த உலகில் முதல் அபாயம் மின்சாரக் கம்பி. முயலின் வாயில் 28 பற்கள் உள. அவை யாவும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. முன்வெட்டுப் பற்கள் வாரத்துக்கு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் வளர்கின்றன. ஓயாமல் அரைத்துத் தேய்த்தால் ஒழிய அவை அளவு மீறி நீண்டு, வாயை மூடவும் உண்ணவும் இயலாமற்செய்துவிடும். அன்றியும், மண்ணுக்கடியில் வளை தோண்டும் இனத்துக்கு வழியில் குறுக்கிடும் வேரைக் கடித்து அப்புறப்படுத்துவது பிறவிக் கடமை. சுவரோரமாகச் செல்லும் மெல்லிய, நீண்ட, வளையும் கம்பியை முயல் வேரென்றே நடத்துகிறது. கைப்பேசியின் சார்ஜர் கம்பியை ஒரு நொடியில், கத்தரிக்கோலால் நறுக்கியதுபோலத் துண்டித்துவிடுகிறது. கனேடிய வீடுகளில் ஓடும் 120 வோல்ட் மின்சாரம் நாவையும் அண்ணத்தையும் சுட்டுவிடும். நுரையீரலில் நீர் கோக்கச் செய்யும். உயிரையே போக்கிவிடுதலும் உண்டு. கடித்த கம்பியால் வீடு தீப்பற்றும் அபாயம் வேறு. கசப்பு மருந்தைக் கம்பியில் தடவினால் போதுமென்று சிலர் கூறுவதை நான் ஏற்கேன்; அந்தக் கசப்பைப் பொருட்படுத்தாத முயல்கள் பல. தூக்கி மேலே கட்டக்கூடிய கம்பிகளை மூன்றடிக்கு மேல் கட்டுவதும், தரையிலேயே கிடக்க வேண்டியவற்றை வன்பொருள் கடைகளில் கிடைக்கும் கெட்டியான பிளாஸ்டிக் குழாய்க்குள் செலுத்துவதும், கம்பிகள் கும்பலாயுள்ள தொலைக்காட்சி மூலையை வேலித் தட்டிகளால் அடைத்துவிடுவதும்தான் நம்பத்தகுந்த வழிகள்.

பற்களால் வரும் மற்றோர் ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. கேபேஜ்டவுன், பார்க்டேல் போன்ற பகுதிகளில் நூறாண்டு கடந்த வீடுகள் இன்றும் குடியிருப்புகளாக உள்ளன. 1960க்கு முன் கட்டப்பட்ட கனேடிய வீடுகளில் ஈயம் கலந்த வர்ணம் பூசப்பட்டிருக்கக்கூடும் என்பது கனேடிய சுகாதாரத் துறையின் எச்சரிக்கை. அதன்மேல் எத்தனை முறை புதுவர்ணம் பூசினாலும், சுவரின் அடியிலுள்ள மரச்சட்டத்தை முயல் கரம்பத் தொடங்கினால் அடியிலுள்ள ஈயப்படலம் அதன் வயிற்றுக்குள் செல்லும். முயல் சோர்ந்து, உணவை வெறுத்து, மெலிந்துபோகும். காரணம் எளிதில் புலப்படாது. பழைய வீட்டில் குடியிருப்போர் மரச்சட்டங்களின்மேல் பிளாஸ்டிக் கோணச்சட்டம் பொருத்துவதோடு, நோய் கண்டால் வீட்டின் வயதை வைத்தியரிடம் கூறவும் மறக்கலாகாது.

கடிக்காதே என்று சொல்வதற்கு மாறாகக் கடிக்கத் தகுந்ததைக் கொடுப்பதே சிறந்த காவல். வர்ணமும் ஒட்டுநாடாவும் நீக்கிய அட்டைப் பெட்டி, காய்ந்த ஆப்பிள் மரக்கிளை, மருந்தடியாத புற்கூடை ஆகியவை போதுமானவை. பெட்டியின் இருபுறமும் வாசல் வெட்டி, உள்ளே காகிதத் துண்டுகளை நிரப்பினால், தோண்டும் ஆசையும் ஒளியும் ஆசையும் ஒருங்கே தீரும். ஒரு வழி மட்டுமுள்ள பெட்டிக்குள் அஞ்சிய முயல் நுழையத் தயங்கும். தப்பியோட மறுவாசல் இருக்க வேண்டும் என்பது வளையில் வாழ்ந்த முன்னோரிடமிருந்து வந்த அறிவு.

அடுத்து, தரை. புதிய அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் வழவழப்பான லாமினேட் பலகைத் தரையே இடப்படுகிறது. முயலின் பாதத்தில் நாய்க்கும் பூனைக்கும் இருப்பதுபோன்ற மெத்தென்ற தோல்திண்டு கிடையாது. உள்ளங்கால் முழுவதும் ரோமம். வழவழப்பான தரையில் அது கால் பரப்பி வழுக்குகிறது. நாளடைவில் கால்மூட்டு நோகிறது. அந்த நோவால் நடமாட்டம் குறைகிறது. முயலின் எலும்புக்கூடு அதன் உடல் எடையில் 7, 8 விழுக்காடே. பூனைக்கோ 12, 13 விழுக்காடு. அத்தனை மெல்லிய எலும்புகளோடு, பின்னங்கால்களில் பிரமாதமான வலிமையும் சேர்ந்திருப்பதால், அஞ்சி உதறும் ஒரே உதைப்பில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும் துர்ப்பாக்கியம் இந்தப் பிராணிக்கு உண்டு. குழந்தை முயலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொள்ள, அது திமிறி விழ, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போகும் நிகழ்ச்சியை முயல் வைத்தியர்கள் நன்கு அறிவர். ஆகையால் நடமாடும் வழியெங்கும் அடியில் ரப்பர் பிடிப்புள்ள விரிப்புகளை இட வேண்டும். நூல் நூலாகப் பிரியும் கம்பளத்தை இடக்கூடாது, ஏனெனில் விழுங்கிய நூல் குடலை அடைக்கும். குழந்தைகளுக்கு முயலைத் தூக்கப் பழக்காமல், தரையில் உட்கார்ந்து, அது தானே அருகில் வரும்வரை காத்திருக்கப் பழக்க வேண்டும். தரையிலிருந்து தூக்கப்படுவது, பருந்தின் காலில் அகப்பட்ட இனத்துக்கு மரண பயமன்றி வேறல்ல.

வயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. முயலால் வாந்தியெடுக்க இயலாது. தின்றது தீங்கானதென்றாலும் அது குடல் முழுவதையும் கடந்தே வெளியேற வேண்டும். அந்தக் குடலோ, நார் நிறைந்த உலர்புல் இடையறாது உள்ளே சென்றுகொண்டிருந்தால் மட்டுமே இயங்குவது; பன்னிரண்டு மணி நேரம் முயல் ஒன்றும் உண்ணாமலும் புழுக்கையிடாமலும் இருக்குமானால், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல் அப்போதே வைத்தியரிடம் எடுத்துச் செல்ல வேண்டிய அவசர நிலை அது. டிமதி என்னும் உலர்புல் ஒன்டாரியோவில் தாராளமாகக் கிடைக்கிறது. வளர்ந்த முயலின் உணவில் பெரும்பங்கு அதுவே ஆதல் வேண்டும். கடையில் பளபளப்பான பையில் விற்கும் தானியமும் நிறமூட்டிய துண்டுகளும் கலந்த தீனி அதற்கு உதவாது.

தமிழர் வீடுகளுக்கென்றே உரிய சில ஆபத்துகளை ஆங்கிலக் கையேடுகள் சொல்வதில்லை. அவற்றை நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பூஜையறையில் கீழே விழும் கற்பூர வில்லை முயலுக்கு விஷம். அலமாரியில் பட்டுப்புடவைக்கிடையே வைக்கும் அந்துருண்டையும் அப்படியே. வெள்ளிக்கிழமை மாலையில் வீடெங்கும் காட்டும் சாம்பிராணிப் புகை, மூக்கால் மட்டுமே சுவாசிக்கும் பிராணியாகிய முயலின் மெல்லிய சுவாசப் பைகளை வருத்தும். குளிர்காலத்தில் சாளரங்களைத் திறக்காத நகரத்தில் அந்தப் புகை நெடுநேரம் தங்கும். முயலிருக்கும் அறையின் கதவைச் சாத்திவிட்டுப் புகை காட்டுவதால் பக்திக்கு ஒரு குறையும் நேராது. தரையில் வைக்கும் குத்துவிளக்கை மேடைமேல் ஏற்றிவிடுவது நலம். அடுப்படியில் நறுக்கும் வெங்காயமும் பூண்டும் தரையில் சிந்தாதிருக்க வேண்டும். அவகாடோப் பழமும், சாக்லேட்டும், உருளைக்கிழங்கின் இலையும் முளையும் முயலுக்கு ஆகாதவை. பாட்டிமார் அன்பு மிகுதியால் கொடுக்கும் பிஸ்கட்டும், பண்டிகை நாளின் லட்டும், ஒரு பிடி சோறும் விஷமல்ல என்றாலும், மாவும் சர்க்கரையும் முயலின் குடலிலுள்ள நுண்ணுயிர்களின் சமநிலையைக் குலைத்து, உயிருக்கே உலை வைப்பவை. கொத்தமல்லித் தழையும் துளசியும் சிறிதளவு கொடுத்தால், அன்புக்கு அன்புமாயிற்று, முயலுக்குச் சுகமுமாயிற்று.

செடிகளிலும் கவனம் வேண்டும். பனிக்காலம் தொடங்கியதும் கறிவேப்பிலைத் தொட்டியையும் மல்லிகைத் தொட்டியையும் வீட்டுக்குள் எடுத்து வந்து தெற்குச் சாளரத்தருகே வைப்பது இந்நகரத்துத் தமிழர் வழக்கம். அவற்றால் பெருந்தீங்கில்லை, ஆனால் உரமிட்ட தொட்டி மண்ணை முயல் கிளறாதபடி உயரத்தில் வைத்தல் நலம். அஞ்ச வேண்டியவை, அலங்காரத்துக்கென்று வளர்க்கும் மணிபிளான்ட், டிஃபன்பாகியா, ஃபிலோடென்ட்ரான் ஆகியவை. அவற்றின் இலைகளில் நிறைந்துள்ள ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் வாயையும் தொண்டையையும் குத்தி வீங்கச் செய்யும். வாசலில் தொங்கவிடும் கற்றாழையின் மஞ்சட்பால் கடும் பேதியை உண்டாக்கும். அரளியோ, இலையாயினும் பூவாயினும் இதயத்தை நிறுத்தவல்லது; முயலுள்ள வீட்டில் அதற்கு இடமே இல்லை.

வாசற்படியைப் பற்றி ஒரு வார்த்தை. பனிக்காலத்தில் டொராண்டோவின் வீதிகளிலும் நடைபாதைகளிலும் பனிக்கட்டியைக் கரைக்க இடும் உப்பு, காலணியோடு வீட்டுக்குள் வருகிறது. தன் பாதங்களைத் தானே நக்கிச் சுத்தம் செய்யும் முயல் அந்த உப்பையும் நக்கிவிடும். உப்பைக் காட்டிலும் பயங்கரமான ஒன்றும் காலணியோடு வரக்கூடும். 1984இல் சீனாவில் முதன்முதலாக அறியப்பட்ட முயல் இரத்தப்பெருக்கு நோயின் புதிய வடிவம் 2010இல் பிரான்சில் தோன்றிப் பல தேசங்களுக்குப் பரவியது. 2018இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நனைமோ நகரில், கைவிடப்பட்டுப் பெருகிய முயல்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 2022இல் டொராண்டோப் பகுதியிலேயே வீட்டு முயல்களிடம் அந்த வைரஸ் காணப்பட்டது. பழைய வடிவம் ஐரோப்பிய முயலை மட்டுமே தாக்கியது. புதியதோ புல்தரைக் காட்டன்டெயிலையும் தாக்கும். இதற்குச் சிகிச்சை கிடையாது. முயல் எவ்வித அறிகுறியுமின்றித் திடீரென இறந்துபோவதும் உண்டு. வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருந்து, காலணியிலும் புல்லிலும் ஈயின் காலிலும் ஒட்டிப் பயணம் செய்யும். காலணியை வாசலிலே கழற்றி வைக்கும் நம் பழைய ஆசாரம் இங்கே ஓர் உயிர்க்காவல் என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடலாம். கைகளைக் கழுவிய பின்னரே முயலைத் தொடுவதும், காட்டு முயல்கள் மேய்ந்த இடத்துப் புல்லைப் பறித்துக் கொடாதிருப்பதும், தடுப்பூசி குறித்து வைத்தியரைக் கேட்பதும் வீட்டாரின் பொறுப்பு.

இனிச் சிறியவை சில. சூடேற்றும் காற்று வெளிவரும் தரைத் துவாரங்களின் மூடி கெட்டியாக இருக்கட்டும். சாய்வு நாற்காலியை இயக்குமுன் வீட்டார் அதன் அடியில் பார்க்கட்டும், நசுங்கிய முயல்கள் உண்டு. பூனைக்கென்று விற்கும், நனைந்தால் கட்டியாகும் களிமண்ணையும் தேவதாரு மரச்சீவலையும் மலத்தட்டில் இடாமல், காகிதக் குருணை இடட்டும். பட்டாசு வெடிக்கும் விக்டோரியா தினத்திலும் ஜூலை முதல் தேதி கனடா தினத்திலும், வீட்டில் விருந்தாளிகள் நிறையும் நாட்களிலும், முயலைத் திரைச்சீலை இழுத்த உள்ளறையில் வைக்கட்டும். குக்கரின் விசிலுக்கு நாளடைவில் முயல் பழகிவிடும். பழகும்வரை அதன் இருப்பிடம் அடுப்படியிலிருந்து விலகியிருத்தல் நலம்.

இருப்பிடத்தின் அளவு என்ன? கடையில் விற்கும் கூண்டு, முயல் மூன்று தாவல் தாவவும் பின்கால்களில் எழுந்து நிற்கவும் இடம் தராது. பிரிட்டனின் முயல் நலச் சங்கம் இரண்டு முயல்களுக்கு 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் குறைந்தபட்ச அளவாகப் பரிந்துரைக்கிறது. நாய்க்குட்டிகளுக்கென்று விற்கும் மடக்கு வேலியைக் கூடத்தின் ஒரு பகுதியில் வளைத்து அமைத்தால், நிலத்தடி அறையில் குடியிருப்போர்க்கும் அது இயலாததன்று. கண்காணிப்பவர் இருக்கும்போது வேலியைத் திறந்துவிடலாம். இரவிலும் வெளியே செல்லும்போதும் மூடிவிடலாம். கருத்தடை செய்த முயல் தரையைத் தோண்டுவதும் மூத்திரம் தெளிப்பதும் குறையும். பெண் முயலுக்கு அதனால் பெரியதொரு நன்மையும் உண்டு, கருத்தடை செய்யாத பெண் முயல்களை மூன்று, நான்கு வயதுக்கு மேல் கருப்பைப் புற்றுநோய் மிகச் சாதாரணமாகப் பீடிக்கிறது.

வாடகைக்குக் குடியிருப்போர், வீட்டுக்காரர் சம்மதிப்பாரோ என்று தயங்குவது இயல்பு. ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, பிராணிகளை வளர்க்கலாகாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனை செல்லாது என்கிறது. ஆயினும் அடுக்குமாடிச் சொந்த வீட்டுச் சங்கங்களின் விதிகளை இந்தப் பிரிவு தள்ளிவிடாது. பிராணியால் வீட்டுக்குப் பெருஞ்சேதம் விளைந்தாலோ, மற்றவருக்கு ஒவ்வாமை நேர்ந்தாலோ, வீட்டுக்காரர் நியாயசபையை நாடலாம். மரச்சட்டத்தையும் கம்பளத்தையும் காப்பது, முயலைக் காப்பதோடு குடியிருப்பையும் காப்பதாகிறது.

வைத்தியரை முன்கூட்டியே தேடி வைக்க வேண்டும். நாய், பூனை பார்க்கும் எல்லாக் கால்நடை வைத்தியர்களும் முயலைப் பார்ப்பதில்லை. முயல் சிகிச்சையில் பழகியவர் யார், இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்பதை நோய் வருமுன் விசாரித்து எழுதி வைப்பது கடமை. 1862இல் டொராண்டோவில் தொடங்கி 1922இல் குவெல்ஃபுக்கு இடம்பெயர்ந்த ஒன்டாரியோ கால்நடை மருத்துவக் கல்லூரி, நகரிலிருந்து காரில் ஒரு மணி நேரத் தொலைவிலேயே உள்ளது என்பது இந்நகரத்தாரின் பாக்கியம்.

முயல் எங்கே கிடைக்கும் என்பவர்க்கு, கடைக்குப் போகுமுன் ரிவர் வீதி 11ஆம் இலக்கத்திலுள்ள டொராண்டோ ஹியூமேன் சொசைட்டிக்குச் செல்லுமாறு கூறுவேன். 1887இல் ஜே. ஜே. கெல்சோ என்னும் இளம் பத்திரிகை நிருபர், அடிபடும் குதிரைகளையும் தெருவில் வாடும் குழந்தைகளையும் ஒருசேரக் காக்கும் நோக்கத்தோடு தோற்றுவித்த சங்கம் அது. இன்று அங்கே நாய், பூனைகளோடு கைவிடப்பட்ட முயல்களும் புது வீட்டுக்குக் காத்திருக்கின்றன. ஈஸ்டர் பண்டிகையையொட்டி ஆசையாய் வாங்கி, சுவரைக் கரம்பியது என்றும், தூக்கினால் கீறியது என்றும் கைவிடப்படும் முயல்கள் வட அமெரிக்க நகரங்கள் எங்கும் உண்டு. சிலர் பூங்காவில் விட்டுவிட்டால் காட்டு முயல்களோடு பிழைத்துக்கொள்ளும் என்று எண்ணுகின்றனர். அது நேர் கொலைக்குச் சமானம். ஐபீரிய மண்ணின் முயலுக்கு டொராண்டோவின் பனியில் ஒளியத் தெரியாது. காட்டன்டெயில் அதைத் தன் இனமாக ஏற்பதுமில்லை.

நன்கு பேணப்பட்ட வீட்டு முயல் 8 முதல் 12 ஆண்டுகள் வரை வாழும். இன்று எட்டு வயதில் முயல் கேட்கும் குழந்தை, அது கிழமாகும்போது பல்கலைக்கழகத்துக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். தினமும் புல் மாற்றுவதும், மலத்தட்டைக் கழுவுவதும், கம்பிகளைச் சோதிப்பதும் அப்போது பெற்றோரின் பணியாகவே இருக்கும். இதற்கு மனமொப்புகிறவர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். முயலுக்கு ஒரு மாதம் முன்பே வீட்டைச் செப்பனிடத் தொடங்குங்கள். குழந்தையையும் உடன் மண்டியிடச் செய்து கம்பிகளை மூடுங்கள், விரிப்புகளை இடுங்கள், செடிகளை உயர்த்துங்கள், வைத்தியரின் தொலைபேசி எண்ணைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். அந்த வேலை முடியாத வீட்டுக்கு முயலைக் கொண்டுவர வேண்டாம்.